லைட்டைப் போட்டுக்கிட்டு அடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜொகூர் பாருவிலிருந்து அப்பா போன் செய்தார். வழக்கமாக இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார். சாப்பிட்டியா, வேலை எப்படிப் போகுது, காருக்கு எண்ணெய் மாத்திட்டியா. அவ்வளவுதான். அன்றைக்குப் பத்து நிமிடம் பேசினார்.

“ஐயா, உன் தம்பிகிட்ட நீ கொஞ்சம் பேசு. நாள் பூரா போனைத் தட்டிக்கிட்டே இருக்கான். சாப்பிடும்போதும் தட்டுறான், பாத்ரூம்லயும் தட்டுறான். ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரியுது. எஸ்.பி.எம். நெருங்கிருச்சு. நான் ஏதாச்சும் சொன்னா ‘ஆரம்பிச்சிட்டீங்களா’ங்கறான். நீ சொன்னா கேப்பான்.”

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளராக இருக்கிறேன். தம்பிக்கு 17 வயது. எனக்கும் அவனுக்கும் பதினோரு வயது இடைவெளி. “சரிப்பா, பேசுறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு என்ன பேசுவது என்று உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வரவில்லை. 15 வயதில் நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். அப்போது எங்கள் வீட்டுக்குப் புலனம் வரவில்லை, குறுஞ்செய்திதான். என் போர்வைக்குள்ளும் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. அப்பா எனக்கும் ஓர் அறிவுரை சொல்லியிருக்கிறார்.

பழுதான கருவி ஒன்று மேசைக்கு வந்தால் உடனே திருகாணியைக் கழற்ற மாட்டோம். அதன் பழைய பதிவுகளைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் நான் இரண்டு வரலாறுகளைப் படிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஓயாமல் செய்தி அனுப்புவதன் வரலாறு ஒன்று, அப்பாக்கள் அறிவுரை சொல்வதன் வரலாறு இன்னொன்று. இரண்டாவது மிகப் பழையது. ஆனால் இரண்டிலும் திரும்பத் திரும்ப ஒரே பிரச்சினைதான் வருகிறது.

*

குறுஞ்செய்தியைப் பள்ளி மாணவர்களுக்காக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1980-களில் ஐரோப்பிய நாடுகளின் தொலைபேசித் துறைகள் கூடி, எல்லை தாண்டினாலும் வேலை செய்யும் ஒரே செல்பேசி முறைக்கு விதிகளை எழுதிக்கொண்டிருந்தன. அதுதான் ஜி.எஸ்.எம். அந்த வேலையில் பேச்சு அல்லாத சேவைகளைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியர்.

போனும் கோபுரமும் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு தனி வழி உண்டு. அழைப்பு வருகிறது, போன் இந்த இடத்தில் இருக்கிறது, இணைப்பு முடிந்தது என்பதைப் போன்ற சமிக்ஞைகள் அதில் போகும். பல நேரம் அந்த வழி சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற நேரத்தில் ஒரு சிறு செய்தியை அதில் ஏற்றிவிட்டால் என்ன என்பதுதான் யோசனை. புதிதாகப் பாதை போட வேண்டாம். ஆனால் இடம் ரொம்பக் குறைவு.

அந்தச் சின்ன இடத்துக்குள் மனிதர் சொல்ல வேண்டியது அடங்குமா? 1985-இல் ஹில்லெபிராண்ட் பான் நகரில் தன் வீட்டில் தட்டச்சுப்பொறியின் முன் உட்கார்ந்தார். மனதில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எழுத்து, இடைவெளி, நிறுத்தக்குறி எத்தனை என்று எண்ணினார். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் முடிந்தன. அஞ்சலட்டைகளையும் டெலக்ஸ் செய்திகளையும் பார்த்தபோது அவையும் பெரும்பாலும் அந்த அளவுக்குள்தான் இருந்தன. 160 போதும் என்று முடிவானது.

ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினார்கள். ஒரு குறுஞ்செய்திக்குக் கிடைக்கும் இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் என்று வகுத்தால் 160 வரும். தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். அஞ்சலட்டைகளை எண்ணிப் பார்த்த ஒரு மனிதர் இந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிறார் என்பது அப்போது தெரியாது.

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. அனுப்பியவர் நீல் பாப்வொர்த், 22 வயதுப் பொறியாளர். கணினியில் அடித்து, வோடஃபோன் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு அனுப்பினார். செய்தி, கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஜார்விஸ் ஒரு விருந்தில் இருந்தார். செய்தி போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை. அவர் கையிலிருந்த போனில் எழுத்துகளை அடித்து அனுப்ப வசதியே இல்லை.

இந்தத் தகவலை நான் பலமுறை படித்திருக்கிறேன். முதல் செய்தி எது, யார் அனுப்பியது என்பதோடு கடந்துபோய்விடுவேன். தம்பிக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பதில் அனுப்ப முடியாத அந்தப் போன் கண்ணில் பட்டது. குறுஞ்செய்தியின் வரலாறு ஒருவழிப் பாதையாகத்தான் தொடங்கியிருக்கிறது. உனக்கு ஒரு தகவல், வாங்கிக்கொள். நம் அப்பாக்கள் பேசுவதும் பெரும்பாலும் அப்படித்தானே?

இன்னொரு வேடிக்கை. பின்லாந்தின் மட்டி மக்கோனன் என்ற பொறியாளரைப் பத்திரிகைகள் ‘குறுஞ்செய்தியின் தந்தை’ என்று அழைத்தன. அது பலர் சேர்ந்து செய்த வேலை என்று சொல்லி அவர் கடைசிவரை அந்தப் பட்டத்தைத் தவிர்த்தார். 2012-இல் பி.பி.சி. அவரைப் பேட்டி கண்டபோது கேள்வியும் பதிலும் குறுஞ்செய்தியிலேயே போய் வந்தன. தந்தை என்ற பெயரை வேண்டாம் என்றவருக்குப் பதில் அனுப்பும் வசதி இருந்திருக்கிறது.

*

ஒருவழிப் பாதையை இருவழியாக்கியவர்கள் யார்? நிறுவனங்கள் வசதியைத்தான் செய்து கொடுத்தன. அதை உரையாடலாக மாற்றியவர்கள் பதின்ம வயதினர்.

1990-களின் ஜப்பானைப் பாருங்கள். பேஜரை அங்கே ‘பாக்கெட் பெல்’ என்பார்கள். அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஊழியரைக் கூப்பிடுவதற்கான கருவி அது. எண்கள் மட்டுமே தெரியும், எந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதைக் காட்டத்தான். பள்ளி மாணவிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிய மொழியில் எண்களைப் பல ஒலிகளில் வாசிக்கலாம். 0840 என்று வந்தால் ‘ஒஹயோ’, காலை வணக்கம். பொதுத் தொலைபேசியில் விரல்கள் பறக்க எண்களைத் தட்டி ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். நம் ஊர் அண்ணன்மார் அக்காமார் காலத்தில் 143 என்று ஒன்று ஓடியதே, அதற்கு ஜப்பானில் ஓர் அகராதியே இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் முந்தைய தலைமுறையின் கதையும் இதேதான். அமெரிக்காவில் 1959-இல் ‘பிரின்சஸ்’ என்ற சிறிய வண்ணத் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. படுக்கையறையில் வைத்துக்கொள்ள அளவானது, இருட்டில் எண்கள் ஒளிரும். அடுத்த ஆண்டு பிராட்வேயில் அரங்கேறிய ‘பை பை பேர்டி’ இசை நாடகத்தில், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனில் வம்பளக்கும் காட்சிதான் பெரிதாகப் பேசப்பட்டது. வீட்டுத் தொலைபேசியைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள் என்பது அந்தக் கால அப்பாக்களின் புலம்பல்.

பிறகு கையில் செல்பேசி வந்தது. முன்பணம் கட்டும் அட்டை வந்ததும் பிள்ளைகள் அப்பாவின் பில்லிலிருந்து விடுபட்டார்கள். பேசினால் காசு கரையும், செய்தி அனுப்பினால் சில காசுகளில் முடியும். அதுமட்டுமல்ல, செய்திக்குச் சத்தம் கிடையாது. பக்கத்து அறையில் அப்பா இருந்தாலும் பேசலாம். பிரிட்டனில் 1999-இல்தான் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடிந்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை எகிறியது. ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் ஒரே நிறுவனத்தின் சிம் அட்டையை வைத்திருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. 12 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் குறுஞ்செய்தி அனுப்புவோரின் நடுமதிப்பு நாளுக்கு 60 செய்திகள். மூத்த பெண்பிள்ளைகளிடம் அது 100. அறுபது செய்தி என்று கேட்டால் அப்பாக்களுக்குத் தலை சுற்றும். ஆனால் அந்த அறுபதில் புதிதாகச் சொல்ல வந்தது எத்தனை இருக்கும்? என் அனுபவத்தில் ஐந்தோ ஆறோதான். மற்றதெல்லாம் பதில். பதிலுக்குப் பதில். “ம்”, “அப்புறம்”, “சாப்பிட்டியா”, “தூங்கலையா”. அந்த வயதில் எனக்குச் செய்தி முக்கியமில்லை. எதிர்முனையில் ஆள் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

*

இப்போது அப்பாக்கள் பக்கம் வருவோம்.

அறிவுரைக் கடிதங்களில் உலகப் புகழ் பெற்றவர் செஸ்டர்ஃபீல்டு பிரபு. இங்கிலாந்தின் அரசியல்வாதி, தூதர். திருமணத்துக்கு வெளியே 1732-இல் பிறந்த தன் மகன் பிலிப்புக்கு, அவன் ஐந்து வயதாக இருந்தபோது எழுதத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளில் நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள். எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, யாரோடு பழகுவது, நேரத்தை எப்படிச் செலவழிப்பது. சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்றுகூட எழுதினார். மகன் அப்போது லைப்சிக் நகரில் படித்துக்கொண்டிருந்த பதினைந்து பதினாறு வயதுப் பையன். பதினாறு வயதில் சத்தம் போட்டுச் சிரிக்காதே என்றால் என்ன செய்வான், பாவம்.

பிலிப் 1768-இல் பிரான்சில் நோயில் இறந்துபோனார். அதன் பிறகுதான் செஸ்டர்ஃபீல்டுக்கு விஷயம் தெரிந்தது. மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. யூஜினியா என்ற மனைவியும் இரண்டு ஆண் குழந்தைகளும் இருந்தார்கள். முப்பது ஆண்டுகள் கடிதம் எழுதிய தந்தையிடம் மகன் அதை மறைத்தே வைத்திருந்தார்.

கிழவர் மருமகளைத் துரத்தவில்லை, அன்பாகவே நடந்துகொண்டார். பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1773-இல் அவர் இறந்தபோது உயிலில் பேரன்களுக்குப் பணம் இருந்தது, யூஜினியாவுக்கு ஒன்றுமில்லை. அவர் அந்தக் கடிதங்களைப் பதிப்பாளருக்கு 1,500 கினிக்கு விற்றார். 1774-இல் நூலாக வந்து பெரும் புகழ் பெற்றது. மகனை மேலான மனிதனாக்க எழுதிய கடிதங்கள் கடைசியில், அந்த மகன் ரகசியமாக மணந்த பெண்ணின் குடும்பத்துக்குச் சோறு போட்டன. இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன், சத்தமாகவே. பிறகு பயமாக இருந்தது. நானூறு கடிதத்திலும் மகன் தன்னிடம் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிற மாதிரி ஓர் இடம் அமையவில்லையா?

அடுத்த அப்பா நேரு. 1930 அக்டோபர் 26 அன்று நைனி சிறையிலிருந்து மகள் இந்திராவின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘உலக சரித்திரம்’ என்று நம் வீடுகளில் தடிமனாக இருக்கும் புத்தகத்தின் தொடக்கம் அந்தக் கடிதம்தான். சிறையிலிருந்து பரிசு அனுப்ப முடியாது என்று வருந்துகிறார். போதனை செய்வது தனக்குப் பிடிக்காது, எது சரி என்பது இருவர் பேசி விவாதிப்பதில்தான் தெரியவரும் என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு அப்பாக்களுக்கே உரிய பலவீனத்தில் ஒரே ஓர் அறிவுரையைச் சொல்லிவிடுகிறார். எதையும் ரகசியமாகச் செய்யாதே, மறைக்க வேண்டும் என்று தோன்றுகிற எதையும் செய்யாதே.

1933 ஆகஸ்ட்டுக்குள் 196 கடிதங்கள் ஆயின. பல கடிதங்கள் எழுதிய உடனே மகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பேசி விவாதிக்க வேண்டும் என்று நினைத்த அப்பாவுக்கும் பதில் வராத பாதைதான் வாய்த்தது. வித்தியாசம், செஸ்டர்ஃபீல்டு அதை ஒரு குறையாகவே நினைத்த மாதிரி தெரியவில்லை. நேரு நினைத்தார்.

நம் பக்கத்திலும் பார்க்கலாம். ஔவையின் கொன்றை வேந்தனில் அப்பாவின் சொல்லை மந்திரத்தோடு ஒப்பிடும் வரி இருப்பதைத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மந்திரத்துக்குப் பதில் சொல்லும் வழக்கம் கிடையாது, அது ஓதுவது மட்டும்தான். மு. வரதராசனின் ‘தம்பிக்கு’ அப்பாவின் அலமாரியில் அட்டை கிழிந்து கிடந்தது. வளவன் என்ற அண்ணன், எழில் என்ற தம்பிக்கு எழுதும் கடிதங்கள். எழில் என்ன எழுதினான் என்பதை வளவனின் வரிகளிலிருந்துதான் நாம் ஊகிக்க வேண்டும். சின்ன வயதில் அந்தப் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு எழிலின் கடிதங்கள்தான் வேண்டியிருந்தன. இன்று வளவனின் இடத்தில் நான் நிற்கிறேன். அப்பா அந்த வேலையைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார்.

*

என் அப்பா சிங்கப்பூரில் வேலை செய்தவர். ஜொகூர் பாருவிலிருந்து மோட்டாரில் போய் மோட்டாரில் வருபவர். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து நாலு மணிக்குக் கிளம்பினால்தான் இரண்டு குடிநுழைவையும் தாண்டி நேரத்துக்கு வேலையில் நிற்கலாம். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். அதைக் கடக்க அவர் வாழ்க்கையில் எத்தனை மணி நேரம் புகைக்குள் நின்றிருப்பார் என்று கணக்கிட எனக்குத் துணிவில்லை. இரவு ஒன்பதுக்குத் திரும்பி வரும்போது நான் டியூஷனில் இருப்பேன், அல்லது அறைக்கதவைச் சாத்தியிருப்பேன். ஞாயிறு தவிர நாங்கள் நேரில் பேசிய சந்தர்ப்பம் குறைவு.

அதனால் அப்பா குறுஞ்செய்தி அனுப்புவார். பாலம் ஏறுவதற்கு முன், மலேசிய சிம்மைக் கழற்றிச் சிங்கப்பூர் சிம்மைப் போடுவதற்கு முன், தினமும் ஒன்று. “கேட்டைப் பூட்டு.” “அம்மாவுக்கு மாத்திரை ஞாபகப்படுத்து.” “கணக்குப் பாடம் பார்.” எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005-ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் ஆதரவோடு வெளியாகி, தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்துவிட்டது. ஆனால் அப்பாவின் பழைய நோக்கியாவுக்கு அந்த யோகம் இல்லை. இருந்திருந்தாலும் இன்னொரு கணக்கு உண்டு. யூனிகோடில் எழுத்து ஒன்றுக்கு 16 பிட். அதே 1,120 பிட்டில் 70 தான் அடங்கும். ‘அப்பா’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. போனுக்கு ஐந்து, அ, ப, புள்ளி, ப, கால். ஒரு குறளைத் தாராளமாக அனுப்பலாம். முதல் குறள் இடைவெளியோடு சேர்த்து 45 தான் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அறிவுரை சொல்ல 70 போதும் என்று திருவள்ளுவர் முன்பே காட்டிவிட்டார்.

2012. எனக்கு பி.எம்.ஆர். ஆண்டு. அந்த ஆண்டு ஜூலையில்தான் மலேசியாவில் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். தோட்டத்தில் தந்தி வந்தால் சாவுச் செய்தி என்று பிரிக்கும் முன்பே அழுதுவிடுவார்கள் என்று பாட்டி சொல்வார். எனக்கோ நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. டியூஷனில் பழக்கமான ஒரு பெண். இரவு பதினொன்றுக்கு ஆரம்பித்தால் முடிவே இல்லை. என் போனில் சில டஜன் செய்திகளுக்கு மேல் இடம் கிடையாது. இடம் நிறைந்துவிட்டால் புதியது உள்ளே வராது. அப்போதெல்லாம் நான் யோசிக்காமல் அப்பாவின் செய்திகளை அழிப்பேன். கேட்டைப் பூட்டு, அழி. மாத்திரை, அழி. அந்தப் பெண்ணின் ஒற்றை “ம்”-ஐக்கூட வைத்துக்கொள்வேன். இன்று கையில் இரண்டுமே இல்லை.

ஒரு நாள் மூன்றரைக்கு அப்பா எழுந்து நடந்தபோது நான் இன்னும் போர்வைக்குள் தட்டிக்கொண்டிருந்தேன். கதவு லேசாகத் திறந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். போர்வைக்குள் வெளிச்சம் இருந்தது என்பது எனக்கே தெரியும். கதவு மூடியது. மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. பிடுங்கப் போகிறார், நாளைக்குப் போன் இருக்காது என்று நினைத்தேன். பியூ ஆய்வில் பத்துப் பெற்றோரில் ஆறு பேர் தண்டனையாகப் போனைப் பிடுங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் வகுப்பில் கணக்கெடுத்திருந்தால் பத்துக்கு ஒன்பது வந்திருக்கும்.

நாலே முக்காலுக்குச் செய்தி வந்தது.

“லைட்டைப் போட்டுக்கிட்டு அடி. இருட்டுல வேணாம்.”

அவ்வளவுதான். கண் கெட்டுவிடும் என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விடிந்த பிறகு ‘கே’ என்று ஒற்றை ஆங்கில எழுத்தைப் பதிலாக அனுப்பினேன். அப்புறம் அந்தச் செய்தியையும் அழித்தேன். ஆனால் அன்றிரவு லைட்டைப் போட்டுவிட்டுத்தான் அடித்தேன். லைட் எரியும்போது இரண்டு மணிவரை உட்கார முடியவில்லை என்பது வேறு விஷயம். ஹாலில் நடப்பவர்களுக்குத் தெரியும். அம்மா வந்து “யாருடா, இந்நேரத்துல” என்று கேட்பார். ஒரு நாள் சொல்லிவிட்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அம்மா, “படிப்பு முடியட்டும்” என்றார். அந்த நட்பு அடுத்த ஆண்டே தானாகக் கரைந்துபோனது.

நேருவின் பிறந்தநாள் கடிதத்தைச் சென்ற மாதம் திரும்பப் படித்தபோதுதான் அப்பாவின் செய்தி புரிந்தது. சிறையிலிருந்து ஒரு அப்பா சொன்னதையே என் அப்பா பாலத்தின் இந்தப் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார். செய்தி அனுப்பாதே என்று அவர் சொல்லவில்லை. எத்தனை அனுப்புகிறாய் என்று கேட்கவில்லை. இருட்டு வேண்டாம் என்றார். செஸ்டர்ஃபீல்டின் மகனுக்கு நானூறு கடிதங்கள் வந்தன, ஆனால் அவர் இருட்டில்தான் குடும்பம் நடத்தினார்.

*

தம்பிக்கு இதைத்தான் எழுதினேன். அறிவுரை எதுவும் சேர்க்கவில்லை. நான் போர்வைக்குள் இருந்தது, கதவு திறந்தது, அப்பாவின் செய்தி, எல்லாம். புலனத்தில் 160 எல்லை கிடையாது என்பதால் கொஞ்சம் நீளமாகவே போய்விட்டது.

இரண்டு சரிகள் விழுந்தன. புலனத்தில் 2014-இல் வந்த நீலச் சரியைத் தம்பி அணைத்து வைத்திருக்கிறான். படித்தானா என்று தெரிய வழியில்லை. குறுஞ்செய்தியின் விதிகளிலும் இப்படி ஒன்று உண்டு, ‘டெலிவர்ட்’ என்ற அறிவிப்பு. செய்தி போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஆளிடம் சேர்ந்ததா என்பதைச் சொல்லும் கருவியை இதுவரை எந்தப் பொறியாளரும் செய்யவில்லை.

இரவு பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது.

“அப்பாவா அப்படிச் சொன்னாரு?”

“ஆமா.”

அவன் தட்டிக்கொண்டிருக்கிறான் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. ஐந்து நிமிடம் இப்படியே. கடைசியில், “அண்ணே, ஒன்னு கேக்கணும்.”

அவன் கேட்டதை இங்கே எழுதப் போவதில்லை. பெரிய விஷயமும் இல்லை, 17 வயதில் யாருக்கும் வரக்கூடியது. அன்றைக்கு மூன்று மணிவரை இருவரும் தட்டிக்கொண்டிருந்தோம். அப்பா என்னிடம் கொடுத்த வேலைக்கு நேர் எதிரான வேலை.

அடுத்த ஞாயிறு நானே அப்பாவுக்குப் போன் செய்தேன். “அப்பா, அந்த லைட்டைப் போட்டுக்கிட்டு அடின்னு ஒரு மெசேஜ் அனுப்பினீங்களே, ஞாபகம் இருக்கா?”

“எது?”

சொன்னேன். அவருக்கு நினைவில்லை. “நானா? சொல்லியிருப்பேன், கண்ணு கெட்டுப்போயிருமே” என்றார்.

நான் கட்டிய மாளிகை ஒரு நொடியில் சரிந்தது. கண்ணுக்காகத்தான் சொன்னாரா? நேருவை எல்லாம் இழுத்துவந்து நான்தான் பெரிதுபடுத்திவிட்டேனா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“அனுப்புனது ஞாபகம் இல்லய்யா. நீ ஒரு பதில் போட்டியே, அது ஞாபகம் இருக்கு. எப்பவும் போட மாட்ட. அன்னிக்கு ராத்திரி ஜே.பி. குடிநுழைவு தாண்டி சிம்ம மாத்துனதும் வந்து விழுந்துச்சு. ஒரே ஒரு எழுத்து.”

குறுஞ்செய்தி மையம் என்று ஒன்று உண்டு. வாங்க வேண்டிய போன் அணைந்திருந்தால் செய்தியைத் தன்னிடமே வைத்திருந்து, அந்த சிம் மறுபடி உயிர் பெறும்போது அனுப்பிவைக்கும். படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். நான் அலட்சியமாகத் தட்டிய ஒற்றை எழுத்து, அப்பா வேலை முடிந்து பாலம் கடந்து வரும்வரை அங்கே காத்திருந்திருக்கிறது.

“சரி, அவன்கிட்ட பேசினியா? என்ன சொல்றான்? இப்பவும் ராத்திரி ராத்திரி தட்டிக்கிட்டுத்தான் இருக்கான்.”

“தெரியும்பா.”

“யாருகிட்டதான் அப்படி என்ன பேசுவானோ.”

“என்கிட்டதான்பா.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “அப்போ சரி” என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.